கை படாத வேலைக்குக் கெட்ட பேர்

செய்யாத வேலைக்குக் கூலி வாங்கினால் அதற்குத் திருட்டு என்று பேர். செய்யாத வேலைக்குக் கெட்ட பேர் வந்து சேர்ந்தால் அதற்கு என்ன பேர்? எழுமலை மண்டபத்து வாசலில், பட்டுச்சேலையும் கையில் மொய்க் கவருமாக நின்றுகொண்டு அன்னக்கொடி இதைத்தான் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கக் கோபம்தான் ஏறிக்கொண்டு போனது.

கோரிப்பாளையத்தில் தர்ஹாவுக்குப் பின்னால் போகிற சந்தில் அவளுடைய சைலன்சர் பட்டறை இருக்கிறது. கார், வேன் எதுவானாலும் சைலன்சரில் ஓட்டை விழுந்தால் அடைப்பாள், குழாய் வளைத்து வெல்டிங் வைப்பாள், புதுசும் மாட்டுவாள். ஆரம்பித்தது புருஷன் காசிமாயன். அவன் லாரி ஓட்டப் போய் ஒன்பது வருஷமாகிறது, அன்றிலிருந்து கடையே அவள்தான். பொம்பளை வைத்த வெல்டிங் நிற்குமா என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு அவள் கடையில் வண்டியை விட்டுவிட்டு டீக்கடையில் காத்துக்கிடக்கிறார்கள். அவளுக்கு முதல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வெல்டிங் மிஷின், இரண்டு ஜாக்கி, 'அன்னக்கொடி மாட்டினால் கழன்று விழாது' என்ற பேர். அம்புட்டுத்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அசோக்குமார் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். காசிமாயனின் சித்தப்பா மகன், அன்னக்கொடிக்குக் கொழுந்தன் முறை. பைனான்ஸ் கம்பெனியில் வேலை, செல்லூரில் வீடு. இருபது வருஷத்து வெள்ளை எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி கொஞ்சுவான். பெட்டியைத் திறந்தால் பளபளவென்று ஒரு ஹெட்டர். இன்ஜினிலிருந்து புகை வெளியே வருகிற இடத்தில் கம்பெனிக்காரன் கனத்த இரும்பில் ஒன்று வைத்திருப்பான். அதைக் கழட்டிவிட்டு, நாலு வளைந்த குழாயாக இதை மாட்டினால் வண்டி இழுக்கும், சத்தமும் கம்பீரமாக இருக்கும் என்று இந்தப் பசங்களுக்கு ஓர் ஆசை.

"ஆன்லைன்ல ஆறாயிரம் மதினி. ரெண்டு மணி நேர வேலை. மாட்டிக் குடுத்துருங்க."

அன்னக்கொடி பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். துருவேறிப் போய்க் கிடந்தது.

"ரெண்டு மணி நேரமா? இதக் கழட்டயிலயே நட்டு மாட்டுற ஸ்டட் ரெண்டாவது ஒடியும். ஒடிஞ்சத நோண்டி எடுக்கணும், புது பேக்கிங் வைக்கணும். கீழ் வரிசை நட்டுக்குக் கையே போகாது, ரேடியேட்டரக் கழட்டித்தான் முறுக்கணும். ரெண்டு நாள் ஆகும் அசோக்கு. கூலி நாலாயிரத்து ஐநூறு."

வேறு ஆளென்றால் ஆறாயிரத்துக்குக் குறைய மாட்டாள். கொழுந்தன் என்பதற்காகக் குறைத்துச் சொன்னது அது. அவன் என்னமோ அவள் கத்தியைக் காட்டிவிட்ட மாதிரி முழித்தான்.

"சாமானே ஆறாயிரம், மாட்டுறதுக்கு நாலரையா? சொந்தக்காரன்ட்டயே இப்பிடிக் கேட்டா எப்பிடி மதினி? வீடியோவுல ஒருத்தன் வீட்டு வாசல்ல வச்சு ஒத்தக் கையில மாட்டுறான்."

"அவன் வண்டி போன வருசம் வாங்குனதா இருக்கும். உன் வண்டி எங்க கல்யாணத்துக்கு முந்தியது."

"அப்ப விடுங்க. நானே மாட்டிக்கிறேன். ஸ்பேனர் செட்டு மட்டும் ரெண்டு நாளைக்குத் தாங்க."

இந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது! கூலி கொடுக்க மனசில்லை, ஸ்பேனர் கேட்க வாயிருக்கிறது. சொந்தமாகப் போய்விட்டானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்று சொன்னாள்.

"ஒரு நட்டு விட்டாலும் புகை வண்டிக்குள்ள வரும். பிள்ளைகள வச்சு ஓட்டுற வண்டி. பாத்துக்க."

"வீடியோவுல எல்லாம் சொல்லியிருக்கான் மதினி" என்று போனவன்தான். ஸ்பேனர் செட் பத்து நாள் கழித்து வந்தது, அதில் இரண்டு ஸ்பேனரின் வாய் தேய்ந்திருந்தது. அதையும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றைக்கு எழுமலையில் சோலை அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அன்னக்கொடி காலையில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, உசிலம்பட்டியில் பஸ் மாறி வந்து சேரப் பதினொரு மணியாகிவிட்டது. மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை, அசோக்குமாரின் அம்மா கனகலட்சுமி எதிரே வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி, என் பேரப்பிள்ளைகளக் கொன்னு போடலாம்னு பாத்தியா?"

அன்னக்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்தை சொல்றீக?"

"செய்யிறதையும் செஞ்சுட்டு கேக்குறதப் பாரு! காருக்குள்ள அம்புட்டும் புகை. செக்கானூரணி தாண்டல, சின்னது வாந்தி எடுத்துருச்சு. பெரியவன் கண்ணு ரெண்டும் கோவப்பழமாக் கெடக்கு. கண்ணாடிய எறக்கி, தலைய வெளிய நீட்டிக்கிட்டு வந்து சேந்தோம். 'யாருடா மாட்டுனது'ன்னு கேட்டா, 'மதினி கடைலதாம்மா'ங்குறான். தெரியாத வேலைய எதுக்குடி செய்யிற?"

சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அன்னக்கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் மாட்டல அத்தை" என்றாள். கனகலட்சுமி உதட்டைப் பிதுக்கினாள். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு.

அந்தக் கூட்டத்தில் காளையும் நின்றிருந்தான். காளைக்கு உசிலம்பட்டியில் ஆறு ஸ்கூல் வேன் ஓடுகிறது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஆறுக்கும் சைலன்சர் வேலை பார்க்க வேண்டும், இனி வருஷா வருஷம் அவள்தான் பார்க்க வேண்டும் என்று போன வாரம் பட்டறைக்கே வந்து பேசிவிட்டுப் போனவன். அப்படி ஒரு நிலையான வேலைக்கு அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். ஸ்கூல் வேன்காரன் காதில் விழக் கூடாத ஒரே ஒரு பேச்சு உண்டென்றால், அது பிள்ளைகளும் புகையும்தான்.

"காளை, திங்கக்கிழமை முதல் வண்டிய அனுப்புறேன்னியே..."

"பாப்பம்க்கா. வேற எடத்துலயும் ஒரு தடவ விசாரிச்சுட்டுப் பேசுறேன்" என்றான் காளை. அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

வெளியே வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். காசிமாயன் சோலாப்பூர் பக்கம் எங்கேயோ லோடு இறக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி விடு, சொந்தத்துக்குள்ள சண்டை வேணாம். நல்ல காரியம் நடக்குற எடம். பந்தியில ஒக்காந்து சாப்ட்டுட்டு வா" என்றான். பந்தியாம், சாப்பாடாம்! அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரே இருந்திருந்தால் போனையே எறிந்திருப்பாள். சொந்தம் சொந்தம் என்று சொல்லித்தான் கூலியைக் குறைக்கச் சொன்னார்கள். சொந்தம் என்று சொல்லித்தான் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது பழியையும் சொந்தம் என்று சொல்லித் தலையில் வைத்தால் வாங்கிக்கொண்டு கறிச்சோறு தின்ன வேண்டுமா? என்ன நியாயம் இது?

அசோக்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான். வாளியோடு அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தூண் மறைவில் நிறுத்தினாள்.

"நானாடா மாட்டுனேன்?"

"மதினி, மெதுவா... மெதுவாப் பேசுங்க."

"நானாடா மாட்டுனேன்னு கேட்டேன்."

"மாமியா வீட்டு ஆளுகளெல்லாம் வந்திருக்காக மதினி. கூலிக்குக் கணக்குப் பாத்து நானே மாட்டுனேன்னு சொன்னா கேவலமாப் பேசுவாக. டக்குனு வாயில உங்க கடை வந்துருச்சு. உங்க ஸ்பேனர்லதான மாட்டுனேன், அந்தக் கணக்குல..."

"எந்தக் கணக்குல? கரண்டிய இரவல் குடுத்தா சமைச்சது நானாயிருவனா? உனக்குக் கேவலம்னா எனக்கு என்னடா? எனக்குப் பொழப்புடா அது!"

"சாவியக் குடு" என்று அவன் சட்டைப் பையில் கையை விட்டு அவளே எடுத்துக்கொண்டாள்.

வெள்ளை எஸ்டீம் வேப்பமரத்தடியில் நின்றது. அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால் நம் சனம் பந்தியைக்கூட விட்டுவிட்டு வரும். கனகலட்சுமி, காளை, மருமகள் வீட்டு ஆட்கள், சின்னப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அசோக்குமாரின் மனைவி அஸ்வினி என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது.

பானெட்டைத் தூக்கினதுமே குப்பென்று ஒரு நெடி. அன்னக்கொடிக்குத் தும்மல் வந்தது. பின்னால் நின்றவர்களும் தும்மினார்கள். இது பெட்ரோல் புகை நெடியே இல்லை, அடுப்பில் மிளகாய் வற்றல் விழுந்த நெடி. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். புது ஹெட்டரின் நாலு குழாய்க்கும் நடுவில் கறுப்பாக ஏதோ ஒன்று கருகி ஒட்டிக் கிடந்தது. ஒரு குச்சியை எடுத்து நோண்டினாள். தீய்ந்த துணி வந்தது, கரியாய்ப் போன மிளகாய் வந்தது, உப்புக்கல் வந்தது. கடைசியில் பொரிந்து வெள்ளையாய் உப்பின ஒரு கட்டி வந்து தரையில் விழுந்தது.

"ஆத்தாடி, படிகாரம்ல இது!" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

கனகலட்சுமியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. படிகாரம், கல்லுப்பு, மிளகாய் வற்றல் மூன்றையும் கறுப்புத் துணியில் மூட்டையாகக் கட்டித் திருஷ்டிக்கு வைப்பது அந்த வீட்டில் அவள் ஒருத்தி செய்கிற காரியம்.

"புதுசா பளபளன்னு மாட்டியிருக்கான், நாலு பேரு கண்ணு படுமேன்னு நேத்து நான்தான் கட்டிக் குடுத்தேன். புது சாமான்லயே கட்டுடான்னேன்" என்றாள், குரல் இறங்கிப்போய்.

"புது சாமான்லயேவா? அது நெருப்பா கொதிக்கிற குழாய் அத்தை! வண்டி முன்னாடி தொங்கவிட வேண்டியத அதுல கட்டுனா எரியாம என்ன செய்யும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கார் முழுக்க மிளகாய் வறுத்துக்கொண்டு மதுரையிலிருந்து வந்திருக்கிறார்களே என்று ஆளாளுக்குக் கேலி பேச ஆரம்பித்தார்கள். காளைகூடச் சிரித்துவிட்டான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் அசோக்குமார்தான்.

"பாத்தீகளா? மிளகாதான்! மாட்டுனதுல ஒரு கொறையும் இல்ல. நான்தான் பதட்டத்துல மதினிய ஒரு வார்த்த சொல்லிப்புட்டேன். விடுங்க மதினி, வாங்க சாப்பிடப் போவோம்."

அத்தோடு அன்னக்கொடி பானெட்டைச் சாத்திவிட்டு வந்திருக்கலாம். பழி கழன்றது, காளையும் சிரித்துவிட்டான், திங்கட்கிழமை வண்டி வந்துவிடும். சிரிப்போடு சிரிப்பாக யார் மாட்டியது என்ற பேச்சும் அமுங்கிப் போயிருக்கும். ஆனால் டார்ச் அவள் கையில்தான் இருந்தது, கண்ணும் வேலைக்காரக் கண். குழாய்களுக்குக் கீழே, இன்ஜினோடு ஹெட்டர் சேர்கிற விளிம்பில் ஒரு கரிக்கோடு தெரிந்தது. புகை கசிகிற இடத்தில் மட்டும் படிகிற கரி அது. குனிந்து எண்ணிப் பார்த்தாள். கீழ் வரிசையில் கடைசி ஸ்டட் மொட்டையாக நின்றது. நட்டு இல்லை.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணு" என்றாள்.

அசோக்குமார் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏறி ஸ்டார்ட் செய்தான். அன்னக்கொடி மொய்க் கவரை அந்த விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். கவர் படபடவென்று அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் ஓரம் கறுத்துப் போனது. கூட்டம் அதைப் பார்த்தது.

"நிறுத்து. எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னிக்கி மிளகா எரிஞ்சதால கண்ணு எரிஞ்சுச்சு, கண்ணாடிய எறக்குனீக, பொழச்சீக. மிளகா இல்லாட்டி ஏசியப் போட்டு, கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு வந்திருப்பீக. பிள்ளைக தூங்குதுன்னு நெனச்சிருப்பீக. இந்தப் புகையில இருக்க விசத்துக்கு நெடி கெடையாது, கண்ணு எரியாது. தூங்குன பிள்ளைய எழுப்பயிலதான் தெரியும்."

அஸ்வினி தோளில் கிடந்த பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கனகலட்சுமி மெல்ல முன்னால் வந்தாள்.

"அப்ப... நீ மாட்டுனதுலதான இம்புட்டு ஓட்டை?"

இப்படியும் ஒரு கேள்வியா! பிள்ளைகளின் உசிருக்கு ஆபத்து என்று எடுத்துக்காட்டிய வாயையே அடைக்கிற கேள்வி. ஆனால் கூட்டத்துக்கு அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது. காளை ஓர் எட்டுப் பின்னால் போனான். அத்தனை கண்ணும் மறுபடி அவள் மேல் வந்து நின்றது, முன்னைவிட மோசமாக. உண்மையைச் சொல்லி அவளே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"அசோக்கு, நீ சொல்றியா?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மதினி ஸ்பேனர் குடுத்தாக... நானும் கொஞ்சம் கூட இருந்து..." என்று இழுத்தான்.

கூட இருந்தானாம்! அன்னக்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அழுகையில்லை, ஆத்திரம். அவள் வாயைத் திறப்பதற்குள் அஸ்வினி பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுக் காரின் கதவைத் திறந்தாள். முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைத் துழாவி ஒரு நட்டை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா இந்த வண்டியத் தொடவே இல்ல. நாலாயிரத்து ஐநூறு கேட்டாகன்னு இவருதான் வீட்டு வாசல்ல வச்சு மாட்டுனாரு. ரெண்டு ஞாயித்துக்கெழமையா டார்ச் பிடிச்சது நான். கடைசியில இந்த நட்டு மிஞ்சுச்சு. 'ஒண்ணு மிஞ்சுதே'ன்னு கேட்டேன். கை போகல, கம்பெனிக்காரன் ஒண்ணு கூடத்தான் போட்டிருப்பான்னு சொன்னாரு. எம்பிள்ளைய வச்சுக்கிட்டு இவரு வெளையாடுனதுக்கு அந்தக்கா எதுக்குப் பேச்சு வாங்கணும்?"

கனகலட்சுமி பேரப்பிள்ளையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "அடப் பாவி" என்று மட்டும் வந்தது அவள் வாயிலிருந்து.

"அவ சொன்னது பத்தாது" என்றாள் அன்னக்கொடி. "எந்த வாயால என் கடைன்னு சொன்னியோ, அந்த வாயால சொல்லு. காளைக்குக் கேக்கணும். உன் மாமியா வீட்டுக்குக் கேக்கணும்."

அசோக்குமார் காரைவிட்டு இறங்கினான். "நான்தான் மாட்டுனேன்" என்றான்.

"கேக்கல."

"நான்தான் மாட்டுனேன். மதினி கை வைக்கல. பொய் சொல்லிட்டேன்."

பந்தியில் அடுத்த வரிசைக்கு இலை போட ஆரம்பித்தார்கள். அசோக்குமார் அஸ்வினியிடமிருந்து நட்டை வாங்கிக்கொண்டு அவளிடம் வந்து கையை நீட்டினான்.

"இது ஒண்ணத்தான மதினி. ஒரு நிமிசம் நீங்க முறுக்கி விட்டுட்டா ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயிருவோம்."

"ரேடியேட்டரக் கழட்டாம அது ஏறாதுன்னு அன்னிக்கே சொன்னேன். வண்டி இங்கயே கெடக்கட்டும். நாளைக்குக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு பட்டறைக்கு வா. முழுசாக் கழட்டி முழுசா மாட்டுவேன். கூலி ஆறாயிரம். என் பேரச் சொல்றதா இருந்தா, நான் தொட்ட வேலைக்குச் சொல்லு."

"ஆறாயிரமா?" என்று அவன் வாய் தன்னாலே திறந்தது. கனகலட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அது தன்னாலே மூடிக்கொண்டது.

காளை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். "பிள்ளைகள என் வேன்ல ஏத்திக்கிறேன்க்கா. நானே செல்லூர்ல விட்டுட்டு வாரேன்." சொல்லிவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "திங்கக்கிழமை மொத வண்டிய அனுப்பவா?" என்றான்.

அன்னக்கொடி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அவனுடைய மஞ்சள் வேன் பக்கம் போனாள். பட்டுச்சேலையை முழங்கால் வரை வாரிச் சுருட்டிக்கொண்டு மண்ணில் மண்டி போட்டு, தலையை வண்டிக்கு அடியில் விட்டாள்.

"அக்கா, சேலை! அது நல்லாத்தான ஓடுது..."

"பிள்ளைக ஏறப் போகுதுல்ல" என்று வேனுக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "ஸ்டார்ட் பண்ணு. பாத்துட்டு ஏத்துவோம்."

காளை ஏறிச் சாவியைத் திருகினான்.